வேலூர் வண்டி வராத மாலை

தறிச் சத்தத்துக்குள்ளிருந்து இன்னொரு சத்தத்தைப் பிரித்தெடுக்க எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். ஆரணியில் எங்கள் தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும் மாலை வேளையில், அந்த ஓசைக்குப் பின்னால், எங்கோ தொலைவில் மாவு மில் ஒன்று ஓடத் தொடங்கியதுபோல மெல்லிய உறுமல் ஒன்று எழும்; எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருக்கும் மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு வடக்கே திரும்புவார்கள். "வேலூர் வண்டி," என்பார் அப்பா.

அது பஸ் அல்ல. பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே பறந்த விமானம் எங்களுக்கு வடக்கே வேலூர்ப் பக்கமாகப் போனதால் அது 'வேலூர் வண்டி'. கோயம்புத்தூர் விமானம் தெற்கே ஒதுங்கிப் போனதால் அது 'போளூர் வண்டி'. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணி வானத்தில் இப்படி இரண்டு தடங்கள் இருந்தது அந்த மூன்று பேருக்கும், அவர்கள் காலடியில் உட்கார்ந்திருந்த எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்பா ஒரு பட்டு ஜவுளி முதலாளியிடம் குமாஸ்தா. முனிரத்தினம் மாமா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஜாஃபர் பாய் தையல்காரர். அவருடைய மச்சான் பம்பாய் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்ததால், பழைய கால அட்டவணைகளும் விமானப் படம் போட்ட காலண்டர்களும் பாய்க்கு வந்துகொண்டே இருக்கும். மற்றவர்கள் சினிமாவைப் பற்றிச் சண்டை போட்ட காலத்தில் இவர்கள் மூவரும், இப்போது போனது ஆவ்ரோவா போயிங்கா என்று சண்டை போட்டார்கள். முனிரத்தினம் மாமா மாடியின் இரும்பு ஏணியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு கண்டக்டர் குரலில் கூவுவார்: "பம்பாய், பெய்ரூட், ரோம், பிராங்க்பர்ட், லண்டன் எல்லாம் ஏறு! ஜல்தி ஏறு!" உலகத்தின் ஊர்ப் பெயர்கள் எனக்கு அந்த ஏணியில்தான் மனப்பாடமாயின.

மூவரில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் பிடித்து மீனம்பாக்கம் போய், பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கி நாள் முழுக்க நின்றுவிட்டு வருவார்கள். "ஊர்ல ஆம்பளைங்க திருப்பதி போறாங்க. இங்க மூணு பேரு மீனம்பாக்கம் போயி நின்னுகினு வராங்க," என்பாள் அம்மா.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் மிட்டாயும் பஞ்சும் தருவார்கள் என்று பாயின் மச்சான் சொல்லியிருந்தது பல மாதங்களுக்குப் பேச்சாக இருந்தது.

"மிட்டாய் சரி பாய். பஞ்சு எதுக்கு? காயம் ஆவுமா?" என்றார் அப்பா.

"காதுல வெக்கறதுக்குடா."

"காத அடைச்சிகினா சத்தம் கேக்காதே. அப்பால ஏறி இன்னா பிரயோஜனம்?"

ஆனால் எங்கேயாவது ஒரு விமானம் விழுந்துவிட்டால் அந்த மாடியின் குரல் மாறிவிடும். செய்தித்தாளைத் தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்து, எஞ்சினில் பறவை புகுந்ததா, மேகத்துக்குள் மலை தெரியவில்லையா, எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். அவர்களுக்கு அது ஆராய்ச்சி. முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்ட எனக்கோ, ஒவ்வொரு காரணமும் ஊசிபோலக் குத்தி உள்ளேயே தங்கிவிட்டது.

அந்த ஐப்பசியில் வேலையாகப் பெங்களூர் போயிருந்த அப்பாவை, சென்னையில் தங்கியிருந்த முதலாளி, ஒரு கல்யாண வீட்டாருக்கு அவசரமாகக் காட்டவேண்டிய சேலைகளோடு மாலை விமானத்திலேயே வந்துவிடச் சொன்னார். சேலைகளைக் கொடுத்துவிட்டு அங்கிருந்து பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும். ஆரணியிலிருந்த முதலாளி வீட்டு டெலிபோனுக்கு அம்மாவை வரவழைத்து அப்பா இதைச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது: "வலது பக்கம் ஜன்னல் கேட்டு வாங்கறேன்னு முனிரத்தினத்துகிட்ட சொல்லு!"

மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஜாஃபர் பாய் தன் கடையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, முனிரத்தினம் மாமாவோடு சேர்ந்து, ஏணியில் அங்குலம் அங்குலமாக மாடிக்கு ஏற்றினார். மேற்கு வெயிலை அதில் வாங்கி வடக்கே அடித்தால் விமானத்திலிருந்து மின்னல்போலத் தெரியும் என்பது பாயின் கணக்கு. "உன் வூட்டுக்காரரு அங்கேர்ந்து பாத்து, ஆரணியில யாரு வூடு இப்படி மினுக்குதுன்னு கேப்பாரு பாரு தங்கச்சி," என்றார். அம்மா சிரித்தாள், போண்டா போட்டுத் தட்டோடு அவளே மேலே வந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் ஏறி வந்தார்கள்.

வடக்கே, கண்ணமங்கலத்துக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்திருந்தது. வழக்கமான நேரம் வந்தது, கடந்தது. பாய் கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றார். தறிச் சத்தத்தில்தான் கேட்காமல் போகிறது என்று யாரோ சொல்ல, முனிரத்தினம் மாமா கைப்பிடிச் சுவரில் குனிந்து, "கொஞ்சம் தறிய நிறுத்துங்க! வண்டி வர நேரம்!" என்று கத்தினார். ஒரு வீட்டில் நின்றது, அடுத்த வீட்டில் நின்றது, தெரு முழுக்க ஒவ்வொன்றாக நின்றுபோனது. பகலில் எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதேயில்லை. அந்த அமைதிக்குள் எங்கோ ஒரு மாடு கத்தியது. உறுமல் மட்டும் வரவில்லை.

"லேட்டா இருக்கும்," என்றார் பாய்.

"மேகம் பாய்," என்று மட்டும் சொன்னார் முனிரத்தினம் மாமா. சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். மேகம், மலை, எண்ணெய், பறவை என்று அந்த மாடியில் கேட்ட எல்லாம் எனக்குள் வரிசையாக எழுந்து நின்றன. வெயில் இறங்கிக் கண்ணாடியில் இருட்டு ஏறியபோது பாய் அதை மெதுவாகச் சுவரில் சாய்த்தார்.

அம்மா அழவில்லை. அவர்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் மேல ஏறி நின்னதாலதானே அவரு வரலன்னு எனக்குத் தெரியுது? பஸ்ஸா இருந்தா, வரப்ப வராருன்னு கம்முனு படுத்திருப்பேனே!"

இருவரும் தலை குனிந்து இறங்கினார்கள். முதலாளி வீட்டில் சென்னைக்கு டிரங்கால் பதிவு செய்துவிட்டு, லைன் கிடைக்காமல், அம்மா விடியும்வரை அந்த வீட்டு வாசலிலேயே என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிந்து எங்கள் வீட்டு வாசலுக்கு நாங்கள் திரும்பியபோது, முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் பையோடு, முகமெல்லாம் சிரிப்பாக அப்பா நடந்து வந்தார். மழைக்காகப் புறப்பாடு வெகுநேரம் தள்ளிப்போய், இருட்டிய பிறகு மேகத்தைச் சுற்றிக்கொண்டு சித்தூர்ப் பக்கமாக விமானம் போயிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. "இன்னா எல்லாம் வாசல்ல? கேளு, முதல்ல படியேறினதும்..." என்று அவர் தொடங்கியதும் அம்மா அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள்; அப்புறம் அழுதாள். "இனிமே ஏரோப்ளேன்னு ஒரு வார்த்தை இந்த வூட்ல யாராவது பேசினா நான் இருக்க மாட்டேன்."

நண்பர்கள் இருவரும் வந்தார்கள். "வந்துட்டியா?" என்றார் பாய். அப்பா அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். மாடிக்கு அவர்கள் அதன்பிறகு வரவில்லை. தெருவில் பார்த்துக்கொண்டால் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசினார்கள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த நான்கு மிட்டாய்களை நான் தின்றேன். காகிதத்தில் மடித்து வைத்திருந்த பஞ்சை அவர் காதில் வைத்துக்கொள்ளவே இல்லை. வெள்ளையாக அப்படியே இருந்தது. அன்று மாலை அம்மா அதைத் திரித்துச் சாமி விளக்குக்குத் திரி போட்டாள். வாழ்நாளில் அப்பா பறந்தது அந்த ஒரு முறைதான். மேலே அவர் என்ன பார்த்தார் என்பதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

என் மகன் இப்போது பிராங்க்பர்ட்டில் வேலை செய்கிறான். போன மாதம் விடுமுறை முடிந்து அவன் திரும்பிய விமானத்தைக் கைபேசி வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன மஞ்சள் விமானமாக அது நகர்ந்துகொண்டே போய், கடல்மேல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பிறகு திரையிலேயே இல்லை. கடல் நடுவில் சில இடங்களில் சமிக்ஞை கிடைக்காதாம். அன்று அதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேகம், மலை, எண்ணெய், பறவை என்று பழைய வரிசை திரும்ப எழுந்து நின்றது. அவன் இறங்கி அழைத்தபோது, ஏன் உடனே பேசவில்லை என்று என்னென்னவோ கத்தினேன். "சரிம்மா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அந்த 'சரிம்மா'வைக் கேட்டபோதுதான், வாசலில் சிரிப்பு அணைந்துபோன அப்பாவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆரணிக்கு மேலே இன்று எத்தனையோ விமானங்கள் போகின்றன. மிக உயரத்தில் போவதால் சத்தம் இறங்கி வருவதில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. முனிரத்தினம் மாமாவும் இல்லை, பாயும் இல்லை. அப்படிக் கத்தியதற்கு மறுநாள் நானே மகனை அழைத்தேன்.

"ஜன்னல் பக்கமாடா உக்காந்த?"

"ஆமாம்மா. ஏன்?"

"பஞ்சு குடுத்தாங்களா?"

"பஞ்சா? எதுக்கு?"

"காதுல வெக்கறதுக்கு."

"வெச்சா சத்தம் கேக்காதேம்மா," என்று சிரித்தான்.

நானும் சிரித்துவிட்டேன். பிறகு, "நீ சொல்லு," என்றேன். "படியேறினதுலேர்ந்து சொல்லு."