சாம்பிளுக்கு ஒரு சுண்டுவிரல்

பதினெட்டு வருடமாகத் திரௌபதியின் கைகள் கிளேஸ் வாளிக்குள்தான் கிடந்தன. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. வருடம் முழுக்கப் பீங்கான் பியூஸ் கட்டை, கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கு. சூளையில் ஒருமுறை சுட்டெடுத்த சாமானுக்கு அங்கே பிஸ்கட் என்று பெயர். அந்தப் பிஸ்கட்டைக் கஞ்சி மாதிரி இருக்கும் கிளேஸில் தோய்த்து, ஒரு உதறு உதறி, அடிப்பாகத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். மறுபடி சூளைக்குப் போய்வந்தால் கண்ணாடி போலப் பளபளக்கும். திரௌபதி தோய்த்த சாமானில் ஒன்றுகூடக் கழிவில் போகாது என்று கம்பெனியில் பேர். ஆனால் சாமானுக்கு வந்த பளபளப்பு அவள் கைக்கு வரவில்லை. நகக்கண்ணில் எப்போதும் வெள்ளைக் கோடு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நுனியெல்லாம் அரம் போலச் சொரசொரப்பு.

அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை, கம்மாபுரத்தில் அண்ணன் மாணிக்கவேல் புது வீடு கட்டிக் குடிபோகும் வரை. பால் காய்ச்சும்போது போட்டோக்காரர் கையை மட்டும் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்துவிட்டார். ஆல்பம் வந்தது. முழுப் பக்கத்துக்கு அவள் கை. அண்ணி ஆதிலட்சுமி எல்லோர் முன்னாலும் சிரித்தாள்.

“என்னா திரௌபதி, சொவுத்துக்கு வெள்ளையடிச்ச கையோட அப்படியே பாலு காய்ச்ச வந்துட்டியா?”

திரௌபதியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து யார் செல்போனைத் தூக்கினாலும் அவள் கை முந்தானைக்குள் போய்விடும்.

இப்போது அதே அண்ணன் மகள் இனியாவுக்குக் கல்யாணம். ஸ்ரீமுஷ்ணத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. நலங்கு வைக்கும்போது முதலில் மஞ்சள் பூச வேண்டியது அத்தை. முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நலங்கு வைக்க முடியாதே!

“பாலக்கரைகிட்ட மாடியில ஒரு பார்லர் தொறந்துருக்குது. நகத்துக்கு என்னாமோ ஜெல்லாம். மூணு வாரம் அப்படியே நிக்குமாம்” என்று சொன்னவன் அவள் கணவன் கோவிந்தராசு. ஸ்ரீமுஷ்ணம் ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர். பஸ்ஸில் பெண்கள் பேசுவது எல்லாம் அவன் காதில் விழும்.

“மூணு வாரமா? நம்ம சாமானுக்குப் போடற கிளேஸு மாதிரியா?”

“அதெல்லாம் எனக்கு என்னா தெரியும்? நீ போயி பாரு.”

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திரௌபதி அந்த மாடிப்படி ஏறினாள். பார்லர்க்காரி மோகனப்பிரியாவுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். வேப்பூர்ப் பெண். சென்னையில் ஆறு மாதம் வேலை கற்றுக்கொண்டு வந்து, விருத்தாசலத்தில் முதல்முதலாக ஜெல் போடுவது தான்தான் என்று போர்டில் கொட்டையாக எழுதி வைத்திருந்தாள். கலர் சீசாக்களை வரிசையாகக் காட்டினாள்.

“எந்தக் கலருக்கா? பத்து வெரலுக்கும் ஒண்ணா போட்டுடலாமா?”

“பத்துக்கா? மொதல்ல ஒரு வெரலுக்குப் போடும்மா. சாம்பிளு.”

மோகனப்பிரியா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். திரௌபதி சிரிக்கவில்லை. கம்பெனியில் புது கிளேஸ் கலக்கினால் முதலில் ஒரே ஒரு கட்டையைத் தோய்த்துச் சுட்டுப் பார்ப்பார்கள். சரியாக வந்தால்தான் மிச்சம். தன் கைக்கு மட்டும் அந்த முறை எதற்கு மாற வேண்டும்? இடது கைச் சுண்டுவிரலை நீட்டினாள். மோகனப்பிரியா வேறு வழியில்லாமல், கைக்கு வழக்கமாகச் செய்யும் எண்ணெய் மசாஜைச் செய்து, மெரூன் கலரைப் பூசி, சின்னப் பெட்டி மாதிரி இருந்த விளக்குக்குள் விரலை வைக்கச் சொன்னாள். ஒரு நிமிடம். எடுத்தால் கல் மாதிரி காய்ந்திருந்தது. ஊதவும் வேண்டாம், விரித்த கையோடு உட்காரவும் வேண்டாம்.

“அட, ஒரு நிமிஷத்துச் சூளையா!” என்றாள் திரௌபதி. அவளுக்கு அந்தப் பெட்டியை மிகவும் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த மெரூன் பூச்சு நக வடிவிலேயே முழுசாகக் கழன்று கிளேஸ் வாளியில் மிதந்தது. திரௌபதி அதை எடுத்துக் கழுவி, காகிதத்தில் மடித்து, சாயங்காலம் பார்லருக்குக் கொண்டுபோனாள். சண்டை போடுவதற்காக அல்ல. அவளுக்குக் காரணம் தெரிய வேண்டும்.

காகிதத்தைப் பிரித்ததும் மோகனப்பிரியாவின் முகம் சுருங்கிவிட்டது.

“உங்களுதும் வந்துடுச்சாக்கா? இந்த வாரத்துல நீங்க ஆறாவது ஆளு. டீச்சர் ஒருத்தவங்க நேத்து வந்து கத்திட்டுப் போனாங்க. இன்னொருத்தவங்களுக்கு வெரலச் சுத்தி செவந்து அரிக்குதாம். சென்னையில நான் போட்டதெல்லாம் நின்னுச்சு. இங்க மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குதுன்னே புரியல. பேசாம இந்த லைட்டக் கட்டி வச்சிட்டு புருவம் மட்டும் எடுக்கலாம்னு இருக்கேன்.”

“கட்டி வைக்கிறது அப்பறம் இருக்கட்டும். இன்னொரு வெரலுக்குப் போடு, நான் பாக்கறேன்.”

இம்முறை திரௌபதி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். மோகனப்பிரியா பாதாம் எண்ணெய்ச் சீசாவைத் திறந்ததுமே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எதுக்கு?”

“மசாஜுக்கா. இங்க எல்லாருக்கும் புடிக்குதுன்னு நான்தான் சேர்த்துக்கிட்டேன். சென்னையில கடைசியாதான் செய்வாங்க.”

“அதான் விஷயம். எங்க கம்பெனில பிஸ்கட்டு மேல எண்ணெக் கை பட்டுச்சுன்னு வச்சிக்க, அந்த எடத்துல கிளேஸு ஒட்டவே ஒட்டாது. சூளையில சுருண்டுக்கும். தலைக்கு எண்ணெ வச்சிட்டு வர்ற பொண்ணுங்கள நான் பலகைகிட்டயே வுட மாட்டேன். நீ என்னடான்னா எண்ணெயத் தேய்ச்சிட்டு மேல பூசற!”

மோகனப்பிரியா சீசாவைப் பார்த்தாள், திரௌபதியைப் பார்த்தாள், சீசாவை மூடினாள்.

திரௌபதி நிறுத்தவில்லை. நகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைக்கச் சொன்னாள். அரத்தால் தேய்த்த தூளைப் பிரஷ்ஷால் தட்டச் சொன்னாள். கலரைக் கெட்டியாக ஒரே பூச்சாகப் பூசப்போன கையை மறுபடி தடுத்தாள்.

“மெல்லிசா ரெண்டு தடவ. கெட்டியா போட்டா மேல காயும், உள்ள காயாது.”

கடைசியாக, நகத்தின் ஓரத்தில் தோல்மேல் வழிந்திருந்த கலரைச் சுட்டிக்காட்டினாள். விளக்குக்குள் வைப்பதற்கு முன்னால் அதைத் துடைக்க வேண்டும் என்றாள். சாமானின் அடியைத் துடைக்காவிட்டால் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்; பிய்த்தால் இரண்டும் போகும். தோல்மேல் ஒட்டிய கலரும் அப்படித்தான்; மேலே கிளம்பும்போது நகத்துப் பூச்சையும் இழுத்துக்கொண்டு வரும். மோகனப்பிரியாவுக்கு உடனே அந்த அரிப்பு ஞாபகம் வந்தது. தோலில் படவே கூடாது என்று சென்னையில் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்கள். கூட்டம் வந்த அவசரத்தில் அவள்தான் விட்டுவிட்டாள்.

அன்று போட்ட மோதிர விரல் எட்டு நாள் கிளேஸ் வாளியில் முங்கி முங்கி எழுந்தது. பாத்திரம் தேய்த்தது, மீன் கழுவியது, துணி துவைத்தது. ஓரம்கூடக் கிளம்பவில்லை. ஒன்பதாம் நாள் திரௌபதி மாடி ஏறிப் பத்து விரலையும் விரித்து வைத்தாள்.

“இப்ப போடு. குட்டையாவே இருக்கட்டும். எனக்கு வேல இருக்குது.”

ஸ்ரீமுஷ்ணம் மண்டபத்தில் இனியாவின் கன்னத்தில் அவள் மஞ்சள் பூசியபோது போட்டோக்காரர் இரண்டு முறை குனிந்து கையைப் படம் எடுத்தார். மஞ்சளில் முங்கிய கையைத் தண்ணீரில் கழுவினாள். நகம் பூசிய நிமிடத்தில் இருந்ததுபோலவே இருந்தது. பந்தியில் சாம்பாரும் அப்பளமும் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆதிலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

“ஒட்டு நகமா?”

“இல்ல அண்ணி. என் சொந்த நகம்தான். மேல பூசியிருக்குது.”

“வேலைக்குப் போனா போயிடுமில்ல?”

“எட்டு நாளு வாளில வச்சுப் பார்த்துட்டுத்தான் மிச்ச வெரலுக்கே போட்டேன்.”

ஆதிலட்சுமி தன் நகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “தலை தீபாவளிக்கு எனக்கும் போட்டு வுடச் சொல்றியா?” என்று கேட்டாள். திரௌபதிக்கு இலையில் இருந்த பாயசம் இரண்டு மடங்கு இனித்தது.

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆனது. அப்போதும் பூச்சு கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் நகம் வளர்ந்துவிட்டது. அடியில் பிறை மாதிரி வெறும் நகம், மேலே மெரூன். பார்க்கச் சகிக்கவில்லை. பார்லருக்குப் போனால் பூட்டு. மோகனப்பிரியா ஊர்த் திருவிழாவுக்காக வேப்பூர் போயிருந்தாள், வர ஐந்து நாள் ஆகும். திரௌபதிக்கு ஐந்து நாள் பொறுக்க முடியவில்லை. சீரியல் பார்த்துக்கொண்டே கட்டைவிரல் ஓரத்தை நெம்பினாள். சுகமாகக் கிளம்பி வந்தது. அடுத்ததைப் பல்லால் இழுத்தாள். மூன்றாவதற்கு ஸ்பூன் காம்பு.

மூன்றாவது முடிந்த பிறகுதான் முதல் விரலைப் பார்த்தாள். பூச்சோடு சேர்ந்து நகத்தின் மேல் ஏடும் உரிந்து வந்திருந்தது. மிச்சமிருந்தது வெங்காயத் தோல் மாதிரி. அழுத்தினால் வளைந்தது. மறுநாள் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. பூண்டு உரிக்க முடியவில்லை. எலுமிச்சை பிழிந்தபோது உயிர் போனது. கோவிந்தராசுதான் ஒரு வாரம் பூண்டு உரித்தான், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பெருமூச்சோடு.

“சுட்ட கிளேஸ யாராவது நகத்தால பேர்ப்பாங்களா? அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சே செஞ்சேன் பாருங்க, எனக்கு வேணும்” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். விரல் எரிந்தாலும் சிரிப்பும் வந்தது. ஊருக்கெல்லாம் கிளேஸ் பாடம் எடுத்தவள் சீரியல் பார்த்துக்கொண்டு பல்லால் இழுத்திருக்கிறாள்.

மோகனப்பிரியா வந்ததும் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “போடறதுல பாதி வேல எடுக்கறதுக்கா! போட்டு அனுப்பறப்பவே நான் சொல்லியிருக்கணும்.” மிச்சம் ஏழு விரலுக்கும் மேல் பளபளப்பை லேசாக அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, சமோசா மடிப்பது போல் வெள்ளித்தாளால் சுற்றினாள். பார்லர் முழுக்க அந்த நெடி. திரௌபதி கால் மணி நேரம் மூக்கைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரித்தபோது பூச்சு தானாகவே தோல் சுருங்கின மாதிரி எழும்பி நின்றது. குச்சியால் தள்ளினதும் வந்துவிட்டது. கீழே நகம் கொஞ்சம் வறண்டிருந்தது, அவ்வளவுதான். மூடிக் கிடந்த பாதாம் எண்ணெய்ச் சீசா அப்போதுதான் திறந்தது. பத்து விரலுக்கும் தாராளமாகத் தேய்த்தார்கள்.

அடுத்த வாரம் ஆதிலட்சுமி கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். திரௌபதி அவளை நேரே மாடிக்குக் கூட்டிப்போகவில்லை. மாடிப்படியடியில் நிறுத்தித் தன் கையை நீட்டினாள். ஏழு விரல் ஒரு மாதிரி, மூன்று விரல் ஒரு மாதிரி.

“பார்த்துக்க அண்ணி. இந்த ஏழும் ஊற வச்சு எடுத்தது. இந்த மூணும் நானு பிச்சது. மூணு வாரம் கவலையில்லாம இருக்கும், நானே உறுதி சொல்றேன். ஆனா எடுக்கறதுக்கு இங்கதான் வரணும். பல்ல வச்சே, அவ்ளோதான்.”

“ஏன்டி, போடச் சொல்றியா, வாணாங்கறியா?”

“போடு. தலை தீபாவளிக்குப் போட்டுக்க. அப்பறம் எடுத்துட்டு ரெண்டு மாசம் சும்மா வுடு. நகமும் கொஞ்சம் மூச்சு வுடணுமில்ல.”

மாடிக்குப் போனதும் திரௌபதி அதையே மறுபடி சொன்னாள். நகம் மூச்சு விடாது என்பது மோகனப்பிரியாவுக்குத் தெரியும். அவள் அதைத் திருத்தப் போகாமல் ஆதிலட்சுமியின் விரல்களை ஸ்பிரிட்டால் துடைத்தாள். துடைத்த பிறகு விளக்கின் புற ஊதா வெளிச்சம் தோலில் படாமலிருக்க, நுனி வெட்டிய கையுறை ஒன்றை மாட்டிவிட்டாள். அதுவும் அவள் அவசரத்தில் விட்டிருந்த விஷயம்தான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் திரௌபதி பார்லரில் இருப்பாள். துடைக்கும் வேலை அவளுடையது. துடைத்துக்கொண்டே வந்தவர்களிடம் நல்லது கெட்டது இரண்டையும் கொட்டிவிடுவாள். ஒருமுறை நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி சிவப்பு நகம் வேண்டும் என்று வந்தாள். அடுத்த வாரம் ஆபரேஷன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் கிளிப் மாட்டுவார்கள், கலர் இருந்தால் அது தப்பாகக் காட்டலாம் என்று மோகனப்பிரியா சொல்ல, அந்தப் பெண் அப்படியானால் காலுக்குப் போடுங்கள் என்று காலைக் காட்டினாள். திரௌபதி விடவில்லை.

“கைக்கு வாணாம். காலுக்கும் இப்ப வாணாம், டாக்டரக் கேட்டுக்கிட்டு அப்பறம் பாத்துக்கலாம். கொழந்த பொறந்ததும் ரெண்டு பேரும் வாங்க, ஒனக்கு மட்டும் போட்டு வுடறோம்.”

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மெலிந்த மூன்று நகமும் வளர்ந்து வெட்டி, வளர்ந்து வெட்டி, பழைய தடிமனுக்கு வர ஐந்து மாதம் பிடித்தது. அதுவரை திரௌபதி ஒரு பூச்சும் போடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் காட்ட ஒரு கை வேண்டாமா என்பாள். மாசிமகம் வந்தது. பழமலைநாதர் கோயில் தேருக்கு முந்தின நாள் மாடி ஏறி, சீசாக்களை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்து, கிளிப்பச்சையை எடுத்தாள்.

“பச்சையாக்கா?” என்று மோகனப்பிரியா இழுத்தாள். “சாம்பிளுக்கு ஒரு வெரல் பார்க்கலாமா?”

“எதுக்கு? பத்துக்கும் போடு” என்றாள் திரௌபதி.