அரை மணிப் பாட்டு

என் அக்கா புருஷன் ஓடிலோன் அத்தான் நல்லவர்தான், ஆனால் பிடித்த பிடியை விடாத ஆள். புரூஜ் நகரத்து மணிக்கூண்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். முந்நூற்று அறுபத்தாறு படி, தினம் இரண்டு தடவை ஏறி இறங்குவார். சந்தைத் திடலில் உருளைக்கிழங்கு வறுவல் தின்கிறவன் எவனாவது அண்ணாந்து பார்த்து, தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டால் போதும், அன்றைக்கெல்லாம் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

கூண்டுக்குள் ஆள் உயரத்தைவிடப் பெரிய பித்தளை உருளை ஒன்று இருக்கிறது. அதன் துளைகளில் எந்தப் பாட்டுக்கு ஏற்ப முளைகளைச் செருகுகிறோமோ, அந்தப் பாட்டைத்தான் உருளை சுற்றும்போது மணிகள் அரை மணிக்கு ஒரு முறை அடிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு முந்தைய துக்க நாட்களில் அத்தான் பாட்டை மாற்றுவார். அப்போது ஊரில் ஒரு மணியும் வாய் திறக்காது. மணியெல்லாம் ரோமுக்குப் பறந்துவிட்டது, ஞாயிறன்று முட்டையோடு திரும்பி வரும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

அந்த வருஷம் என் அக்கா லுட்கார்ட் நெஞ்சு நோயில் படுத்த படுக்கையாகிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஊர்த் திருவிழாவில் இருவரும் ஆடிய பாட்டையே இந்த முறை உருளையில் ஏற்ற, அத்தான் மேலிடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து, கடைசி முளையும் ஏறிவிட்டது என்று சொன்னார். அக்கா சிரித்ததைப் பார்த்துப் பல மாதமாகியிருந்தது.

"ஒரே ஒரு தடவ அடிச்சுக் காட்டுங்களேன்," என்றாள்.

"மணியெல்லாம் ரோமுக்குப் போயிருக்குல்ல? ஞாயித்துக்கெழம வந்துரும், பொறு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படிக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன்.

"ஒங்க மணி எங்கயும் போகல அத்தான், மேலதான் தொங்குது. போயிட்டிருக்கறது அவதான்."

துக்க நாளில் மணி அடித்தால் ஊர் காறித் துப்பும், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தான் தவறியதில்லை என்றார். பாழாய்ப்போன பெருமை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அக்காவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அத்தான் ஒரு கணம் அவளைப் பார்த்தார். தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இருடி, கொஞ்சம் இருடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் படியேறிக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள். கண்களை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் மணி அடித்தது. முழுப் பாட்டும் அடித்தது. கால்வாய்ப் பாலத்தில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அத்தான் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். நேற்றே அடித்திருந்தால் என்ன என்று அவர் மூஞ்சியில் அடித்தாற்போல் கேட்கத்தான் காத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"கேட்டாளா?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

"கேட்டா அத்தான். முழுசும் கேட்டுட்டுத்தான் போனா."

மேலிடத்தில் திட்டினார்கள். ஊரில் யாரும் துப்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், அந்தப் பாட்டு அடிக்கும்போதெல்லாம் அத்தான் தொப்பியைக் கழற்றுவார். பக்கத்தில் நிற்பவர் யாராயிருந்தாலும், இதைக் கேட்டுவிட்டுத்தான் என் பெண்டாட்டி போனாள் என்பார். நான் கூட இருந்தால், "நீயே சொல்லும்மா" என்று என் பக்கம் திரும்புவார்.

ஆமாம் என்று சொல்வேன். அரை மணி கழித்து மறுபடியும் சொல்வேன்.