பெயர் போடாத விமர்சனம்

இலங்கை மலையகத்தில், பதுளைக் கடைவீதியில் மொஹிதீன் நானாவின் புடைவைக்கடை மாடியில் ஞாயிறுதோறும் எங்கள் வாசகர் வட்டம் கூடும். 1957இல் வந்து சேர்ந்தவன் கந்தப்பன். ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன். பதுளையில் அச்சுக்கோப்பவனாக வேலை பார்த்தான். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருதரம் பின்னால் பார்த்துவிட்டுத்தான் "என்னாங்க" என்பான். ஆள் மந்தம் என்றே நினைத்தேன்.

அந்த வருடம் முழுக்க, தங்களைத் தாங்களே தேடிப் போகும் மனிதர்களின் கதைகளையே படித்தோம். முறைவைத்து விமர்சனம் எழுதி வாசிக்கவேண்டும். கந்தப்பன் கதையை அப்படியே ஒப்புவிப்பான். நான் யாழ்ப்பாணத்தான், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், வாய் கொஞ்சம் நீளம்.

"கதை எங்களுக்கும் தெரியும் ஐசே. அதைப் படிக்க உமக்கு என்ன பட்டுது? அதை எழுதும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மூன்று வாரம் வரவில்லை.

அடுத்து அவனுக்குக் கொடுத்திருந்த கதையில், பல வருடம் கழித்து வீடு திரும்பும் ஒருவன், செத்துவிட்டான் என்று தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைக் காண்கிறான். "நான்தான்" என்று சொல்லாமலே போய்விடுகிறான். ஏன் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி.

நாலாம் வாரம் கந்தப்பன் வந்து வாசித்தான். அவனுக்கு முன் பிறந்த அண்ணன் இரண்டு வயதில் காய்ச்சலில் செத்துப்போனான். அந்தச் சாவை யாரும் பதியவில்லை. இவன் பிறந்ததையும் பதியவில்லை. வீட்டில் வெறும் 'தம்பி'. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் கேட்டபோது அப்பா அண்ணனுடையதைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்த பெயரால் அன்றுமுதல் இவன் கந்தப்பன்.

அந்த வருடம் அண்ணனுக்குப் படையல் வைத்த அம்மா, இலைமுன் உட்கார்ந்து, "கந்தப்பா, வந்து சாப்பிடுய்யா" என்று அழைத்தாள். புதுப்பெயர் கிடைத்த சந்தோஷத்தில் இவன் ஓடிப்போய் இலைமுன் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தான். அம்மா அலறினாள். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும், பின்னால் அண்ணன் நிற்கிறானா என்று பார்த்துக்கொள்கிறான்.

"பேரைச் சொன்னால் செத்தவனுடைய சோற்றைப் பிடுங்கியதாகிவிடும். கதையில் வருகிறவன் அதனால்தான் வாய் திறக்கவில்லை" என்று முடித்திருந்தான். இவனையா கேலி செய்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் கையெழுத்துச் சஞ்சிகைக்கு அதைக் கேட்டேன். அவன் முகம் வெளிறிவிட்டது.

"தோட்டத்து ஆளுங்களுக்கு வெச்சிருக்கிற பிரஜாவுரிமை விசாரணை எனக்கு இன்னும் முடியலீங்க. அண்ணனோட பத்திரத்தத்தான் குடுத்திருக்கு. வெளிய தெரிஞ்சா எல்லாம் போயிரும்."

"அப்ப புனைபெயர் போடுவம்."

"இருக்கிறதே இரவல் பேருங்க. இன்னொன்னு எதுக்கு? எழுத்து மட்டுந்தான் என்னோடது."

பெயர் வந்த இடங்களையெல்லாம் மையால் அடித்துவிட்டுத் தாளைத் தந்தான். அவன் போனபின்தான் பேனாவை மேசையில் விட்டிருந்ததைக் கண்டேன். எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். கூட்டத்தில் அவன் முதுகு தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தவனுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பெயருக்கு யார் திரும்புவார்?

"தம்பி!" என்றேன்.

பின்னால் யாரையும் தேடாமல், நேரே என்னைப் பார்த்து வந்தான்.