உளுந்து மிதித்த அமெரிக்கக் கார்

ஐம்பது வயதில், கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக, மலிவாக வாங்கினேன். முதல் நாளே கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு ஒரே பறப்பு. தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் எழுந்து நின்று ஆடின.

வழியில், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். என் காரோ தரையை ஒட்டிப் போவது. காய்ந்த செடி அடியில் உரசியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரே புகை. போச்சு, தீப்பிடித்துவிட்டது! காரை நிறுத்தி, கதவைத் திறக்கவும் தோன்றாமல் எகிறிக் குதித்து உளுந்தின் மேலேயே விழுந்தேன்.

"தண்ணி! தண்ணி!"

செடியைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா சொம்போடு ஓடிவந்தார். "குடிங்க அண்ணாச்சி."

"எனக்கில்ல, காருக்கு! தீ!"

"தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. உளுந்துத் தூசி."

குனிந்து பார்த்தேன். தூசியேதான். அவர் என் அகலமான டயர்களையே பார்த்தார். "லாரியவிட நல்லா மிதிக்கே! இன்னும் நாலு சுத்து வாங்க."

நாலு கேட்டார், எட்டுச் சுற்றினேன், விசிலடித்துக்கொண்டே. கிளம்பும்போது முறத்தோடு வந்து, சீட்டில் தெறித்துக் கிடந்த உளுந்தைக் கூட்டி அள்ளினார்.

"சட்டைப் பையில கிடக்கதையும் போட்டுட்டுப் போங்க, அண்ணாச்சி."