பாண்டி டீச்சர் ரிவெட்டை உடைத்த மாலை

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் நின்றுகொண்டிருந்தேன். என் தங்கை வீட்டு விசேஷத்துக்கு மல்லிகை வாங்கி, பையை நீட்டியபோது கைப்பேசி அடித்தது. எங்கள் இன்ஸ்டிடியூட்டில் படித்த பழைய மாணவி. "சார், பாண்டி டீச்சர் காலைல தவறிட்டாங்க" என்றார். "எந்த டீச்சர்?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. தெரியாததுபோல் கேட்டால் இன்னும் ஒரு நிமிடம் அவர் உயிரோடு இருப்பார் அல்லவா, அதனால் கேட்டேன். விசேஷத்துக்கு வாங்கிய பூ உசிலம்பட்டி சாலையில் இருக்கும் அவருடைய ஊருக்குப் போனது. தங்கை கோபித்துக்கொள்ளவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் தல்லாகுளத்தில் அந்த மாடி அறையில் அவரிடம் தட்டச்சு கற்றவர்கள். விரல்களின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, "பாக்காம அடி" என்பாரே, அந்தப் பாண்டியம்மாள் உங்களுக்குத் தெரியும். நான் பக்கத்து அறையில் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தவன். எங்கள் இருவருக்கும் வயது ஒன்றுதான்; இரண்டு மாதம் நான் மூத்தவன் என்பதால் என்னை அண்ணே என்பார். நான் அவரை டீச்சர் என்பேன். அவர் விமானம் ஓட்டவைத்த கதையை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். அரைகுறையாகத்தான் கேட்டிருப்பீர்கள், ஏனென்றால் மீதி அரை என்னிடம் இருந்தது.

எண்பதுகளின் பின்பாதி அது. வீடுகளில் டி.வி. பெட்டி நுழைந்துகொண்டிருந்த காலம். எங்கள் முதலாளியை நாங்கள் எல்லோரும் பிரின்சிபால் என்போம். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவருக்கு ஒரு சிறிய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். டி.வி.யோடு இணைத்து, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு விமானம் ஓட்டும் விளையாட்டு வரும். அதை வைத்துக் கூட்டம் சேர்க்கலாம் என்று பிரின்சிபால் சித்திரைப் பொருட்காட்சியில் தமுக்கம் மைதானத்தில் ஒரு ஸ்டால் எடுத்தார். 'விமானம் ஓட்டிப் பாருங்கள், கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள்' என்று பலகை வைத்தோம்.

முதல் நாள் சாயங்காலமே, விமானத்தை ஓட்டும் குச்சியான ஜாய்ஸ்டிக்கின் கழுத்து ஒடிந்தது. கையிருப்பில் இருந்த இன்னொன்று மறுநாள் மதியம் வரை தாங்கியது. அழகரைப் பார்க்க வந்த சனம் சுற்றுவட்டாரத்தில் இருந்தெல்லாம் வந்து குவிந்திருந்தது. விமானம் மேலே ஏற வேண்டுமென்றால் அவர்கள் குச்சியை மெதுவாக இழுப்பார்களா என்ன? கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்தார்கள். மிச்ச நாளெல்லாம் இருண்ட டி.வி.க்குப் பக்கத்தில் நின்று நோட்டீஸ் கொடுத்தோம். பிரின்சிபால் கடைசி நாள் சொல்லிவிட்டார்: "அடுத்த வருஷம் ஒரே ஒரு தடவ பாப்பேன். அதுலயும் படுத்துக்கிருச்சுன்னா கம்ப்யூட்டர வித்துட்டு டைப்ரைட்டர் வாங்கிப் போட்டுருவேன்."

எனக்கு அது பெரிய விஷயமில்லை. சுருக்கெழுத்துக்கு மின்சாரம்கூட வேண்டாம். பாண்டியம்மாளுக்கு அப்படியில்லை. கம்ப்யூட்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகங்களை நான் வரிவரியாக வாசித்துச் சொல்ல, அவர் ஒரு வருடம் உட்கார்ந்து கம்ப்யூட்டரைக் கற்றிருந்தார். தன்னிடம் படித்த ஆறு பெண்களின் வீடுகளுக்கு நேரில் போய், அடுத்த வருடம் ஜூனில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கும், அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள் என்று பெற்றோரிடம் வாக்கு வாங்கிவிட்டு வந்திருந்தார். கம்ப்யூட்டர் விற்கப்பட்டால் அந்த ஆறு வீட்டு வாசலிலும் அவர்தான் போய் நிற்க வேண்டும்.

ஒடிந்த ஜாய்ஸ்டிக்கை அவர் தூக்கிப் போடவில்லை. மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே மெல்லிய தகரத் தகடுகள், நடுவில் பொத்தலான பிளாஸ்டிக் தண்டு. "பிடி நல்லா கெட்டியாத்தான் இருக்கு, கழுத்து பாருங்க, பொரி உருண்ட மாதிரி" என்றார். அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். வரிசையாக நின்ற பஸ்களில் ஏறி, டிரைவர்களிடம் கியர் கம்பியைக் காட்டச் சொன்னார். குமிழ் பளபளவென்று தேய்ந்திருந்தது; அதை அவர் பார்க்கவே இல்லை. தரையோடு கம்பி நுழையும் இடத்தில் இருந்த ரப்பர் உறையைத் தூக்கி உள்ளே பார்த்தார். "கை படுற எடத்துக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே. கண்ணுக்குத் தெரியாத எடந்தான் மொதல்ல போகும்" என்றார். ஒரு டிரைவர், "என்னாம்மா, வண்டி வாங்கப் போறியா?" என்று கேட்டார். "இல்லண்ணே, பிளேனு" என்று பதில் சொல்லிவிட்டு இறங்கினார்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று. கடைக்காரர் சிவப்பு பட்டன் வைத்த, துப்பாக்கிப் பிடி போன்ற ஜாய்ஸ்டிக்கை எடுத்து வைத்தார். பாண்டியம்மாள் அதைக் காதருகே வைத்து நாலு பக்கமும் ஆட்டினார். சத்தமே இல்லை. பிறகு அழுக்குக் கறுப்பில் மொண்ணையாக இருந்த வேறொன்றை ஆட்டினார். ஒவ்வொரு பக்கமும் 'டிக்' என்று கேட்டது. உள்ளே தகடு இல்லை, தனித்தனி சுவிட்ச் இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு அது போதவில்லை. "நாலு ஸ்க்ரூவக் கழட்டிக் காட்டுங்க, தண்டு இரும்பான்னு பாக்கணும்" என்றார்.

"பிரிச்ச சாமான அப்பறம் யாரும்மா வாங்குவா?"

"நான்தான் வாங்குவேன். பிரிக்காட்டி வாங்க மாட்டேன்."

மூன்று தடவை நடந்தோம். மூன்றாவது தடவை கடைக்காரரே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்துவிட்டார். தண்டு இரும்புதான். குச்சியைச் சாய்த்து விட்டால் ஆடாமல் நேராக நடுவுக்கு வந்து நிற்கிறதா என்று பத்து தடவை பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார். சிவப்பு பட்டன் வைத்ததே பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நான் முணுமுணுத்தேன். "அழகா இருக்குறத வீட்டுல வைங்கண்ணே. தமுக்கத்துக்கு அடி தாங்குறதுதான் வேணும்" என்றார்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் எந்தக் கடையிலும் இல்லை. அவருடைய பெரியப்பா மகன் வைத்திருந்த பழைய டிராக்டரில் கையால் தள்ளும் ஆக்ஸிலேட்டர் கம்பி இருந்தது. வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். ஒர்க்ஷாப்பில் அதே போன்ற ஒன்றைத் தேடி எடுத்து, முன்னே தள்ளினால் ஒரு சுவிட்ச், பின்னே இழுத்தால் இன்னொரு சுவிட்ச் என்று பொருத்தினார். கால் பெடலுக்கு லாரி கிளட்ச், தையல் மிஷின் பெடல் எல்லாம் பார்த்தார். எல்லாவற்றிலும் மூட்டு அதிகம், மூட்டு இருந்தால் ஆட்டம் வரும் என்று ஒதுக்கினார். கடைசியில் நடுவில் ஒரே ஆணியில் சுழலும் இரும்புச் சட்டம் ஒன்றை, சைக்கிள் ஹேண்டில்பாரைப் படுக்கப்போட்டதுபோல், கீழே வைத்தார். இரண்டு முனையிலும் இரண்டு பாதம். சுவிட்சுகளைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடி, யாரும் நோண்டக் கூடாதென்று சுற்றிலும் ரிவெட் அடித்துவிட்டார். டீக்கடைக்காரர், எங்கள் பியூன், மாடிக்கு வந்த தபால்காரர் என்று சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பார்த்தார். எல்லோருக்கும் கால் உடனே படிந்தது. வலது காலை முன்னே தள்ளினால் விமானம் இடப்பக்கம் திரும்பியது. சைக்கிளில் வலது கையைத் தள்ளினால் அப்படித்தானே திரும்பும்.

பொருட்காட்சிக்கு இரண்டு நாள் இருந்தபோது, நோட்டீஸில் போட நாலு வரி தேடி, கையில் பென்சிலோடு விளையாட்டின் புத்தகத்தைப் புரட்டினேன். வலது பெடலை அழுத்தினால் விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பும் என்று போட்டிருந்தது. எங்கள் சட்டம் நேர் எதிர். சொன்னால் அவர் ரிவெட்டை உடைப்பார். உடைத்தால் இரண்டு நாளில் எழுந்திருக்குமோ என்னவோ. மதுரையில் விமானம் ஓட்டியவன் எவன் வரப்போகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கெட்டிக்காரத்தனங்களில் இது ஒன்று.

ஸ்டால் அமோகமாக ஓடியது. ஒரு வாரம் ஒரு சுவிட்ச்கூடச் சிணுங்கவில்லை. இழுத்தார்கள், மிதித்தார்கள், ஒருவர் குச்சியைப் பிடித்து எழுந்தே நின்றார். எதுவும் ஆகவில்லை. பிரின்சிபால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தார்.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், வெயில் தாழும் நேரம். செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அந்த அம்மாவே ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். கூட்டம் வழிவிட்டது. அவர் உட்கார்ந்தார், த்ராட்டிலைத் தள்ளினார், ஓடுபாதையில் விமானம் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியது. நேராக்க வலது காலை அழுத்தினார். இன்னும் இடப்பக்கம் போனது. மேலும் அழுத்தினார். புல்வெளியில் இறங்கி முட்டிக்கொண்டது. மறுபடி ஒரு தடவை. மறுபடியும் புல்வெளி. கூட்டத்தில் ஒருவன், "பட்டாளத்தாரே, மொதல்ல சைக்கிள் கத்துக்கிட்டு வாங்க!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே, "இம்புட்டு வருசமும் அங்கன போயி என்னதான் பண்ணுனீகளோ!" என்றார். பெரியவர் எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் நோட்டீஸ் கட்டை அடுக்கினேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பாண்டியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். "அய்யா, நில்லுங்க. ரெண்டு தடவயும் ஒரே பக்கமாப் போச்சு. தப்பு உங்க மேலயா, எங்க மேலயா?"

பெரியவர் தயங்கினார். "வலது கால அமுக்குனா வலதுபக்கந்தாம்மா போகணும். எல்லா பிளேனும் அப்படித்தான். உங்களுது மாறிக் கெடக்கு. பரவால்ல, விளையாட்டுத்தான."

பாண்டியம்மாள் திரும்பி வந்து என்னைப் பார்த்தார். "ஏண்ணே, புத்தகத்துல இது போடலயா?"

"கவனிக்கலயே டீச்சர்" என்றேன்.

அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. டி.வி.யை அணைத்தார். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிரின்சிபால் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"ஓடுற மெஷின்ல கை வைக்காதம்மா. சனம் பூராம் நிக்கிது. எவனுக்குத் தெரியப்போகுது?"

"அந்த அய்யாவுக்குத் தெரியும் சார்."

"இன்னிக்கி நின்னுச்சுன்னா, சொன்னபடி நாளைக்கே வித்துருவேன்."

"வித்துக்கங்க சார். விக்கிற வரைக்கும் சரியா ஓடட்டும்."

அந்த நேரத்தில் அவர் மனதில் அந்த ஆறு வீடுகளும் ஓடியிருக்கும். கை மட்டும் நிற்கவில்லை. தானே பார்த்துப் பார்த்து அடித்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் தெறிக்கவிட்டார். பெட்டி லேசில் விடவில்லை. அத்தனை கெட்டியாகச் செய்திருந்தார். இரண்டு கம்பிகளை இடம் மாற்றி, பற்றவைத்து, மூடுவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் பெரியவரும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிக் கூட்டம் ராட்டினத்துக்குப் போய்விட்டது. பிரின்சிபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவில் பாண்டியம்மாள் எழுந்து, பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்: 'இதுவரை விமானத்தைத் தப்பான பக்கம் திருப்பினோம். இனி சரியாக ஓடும்.'

மறுபடி கேசட் கத்தி முடித்தது. அவர் பெரியவரை உட்காரச் சொன்னார். விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டை விடாமல் ஓடி மேலே ஏறியது. அவர் மனைவி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். பாண்டியம்மாள் கூட்டத்தைப் பார்த்து, "அய்யா ஓட்டுனதுதான் சரி. நாங்கதான் தப்பா மாட்டிட்டோம்" என்று குரலை உயர்த்திச் சொன்னார். சிரித்தவன் அங்கேதான் நின்றான்.

அதன்பிறகு சைக்கிள்காரர்கள் எல்லோரும் புல்வெளியில் போய் முட்டினார்கள். முட்டியவர்கள் மறுநாளும் வந்தார்கள், பழகாமல் விடுவதில்லை என்று. பொருட்காட்சி முடியும்வரை அந்தச் சட்டமும் குச்சியும் கம்பியும் தாங்கின. பிரின்சிபால் கம்ப்யூட்டரை விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று சொல்லவுமில்லை. ஜூனில் ஆறு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் போன் செய்த மாணவி அந்த ஆறில் ஒருவர்.

மூன்று மாதத்துக்கு முன்பு, பாண்டியம்மாள் படுக்கையில் இருந்தபோது பார்க்கப் போனேன். இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியதால் சொல்லிவிட்டேன். "டீச்சர், அந்தப் பெடல் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும். கவனிக்கலன்னு சொன்னது பொய்."

"தெரியும்ணே" என்றார்.

"எப்படி?"

"புத்தகத்துல அந்த வரிக்கு நேரா பென்சில்ல கோடு போட்டிருந்தீங்க. மறுநாளே எடுத்துப் பாத்துட்டேன்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"நீங்களா வந்து சொல்லுவீகன்னு பாத்துக்கிருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "இம்புட்டு வருசம் ஆகும்னு நெனைக்கலண்ணே." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதேன், சொல்வதற்கென்ன.

போன வாரம் பழைய மாணவர்கள் அஞ்சலிக் கூட்டத்துக்கு அச்சடிக்க ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் திருத்தச் சொன்னார்கள். 'ஒரு பிழையும் இல்லாத விமானக் கருவிகளைத் தன் கையால் உருவாக்கியவர்' என்று அதில் இருந்தது. அந்த வரியை அடித்தேன். 'ஒரு பிழை செய்தார். தெரிந்த நிமிடமே எல்லோர் முன்னிலும் உடைத்துத் திருத்தினார். அந்தப் பிழை அவருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்திருந்தும் வாய் திறக்காதவன் நான்' என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். கடைசி வரி வேண்டாமே சார் என்றார்கள். அது இல்லாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பாண்டி டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். எழுபதைத் தாண்டித்தான் கைக்கு வந்திருக்கிறது. இனி விடுவதாக இல்லை.