முன்வாசலுக்கு ஒரு சோடி சப்பாத்து

மலையகத்து டயகமவில் முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு. மரியநாயகி ஐந்து மணிக்கே ரோட்டில் வந்து நின்றுவிட்டாள். இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்த உடம்புக்குப் பிந்திப் போகத் தெரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தினால் போதும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, வீட்டுக்குப் போ என்று கையைக் காட்டிவிடுவார். அன்றைய வேலை போச்சு.

ஆனால் அன்று அவள் புறப்பட்டது வேலைக்கல்ல. றொசல்லைக்கு மேலே அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஒரு துரை பங்களா இருக்கிறது. இப்போது அது ஹோட்டல். தினமும் மூன்று மணிக்கு வெளியாட்களை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் கதை சொல்கிறார்கள். அவளே போன் பண்ணித் தன் பெயரைப் பதிந்திருந்தாள்.

"அந்தப் பங்களாவுல பாக்க என்னடி இருக்கு?" என்று புருஷன் சவரிமுத்து முதல்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டு வந்து சொல்றேன்."

உண்மையில் பார்க்க ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காலில் சப்பாத்தோடு அந்த முன்வாசலுக்குள் நுழைய வேண்டும்.

அவளுக்கு ஒன்பது வயதில் நடந்தது அது. வெள்ளைக்காரத் துரைமார் போய் நம் நாட்டுத் துரைமார் வந்துவிட்ட காலம். ஆள் மாறியிருந்தது, மிதப்பு மாறவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை தட்டு எடுத்துப் போய்த் துரையைப் பார்க்கிற வழக்கம் உண்டு. அந்தக் கிறிஸ்மஸுக்கு அப்பா அருளப்பன் அட்டனில் வாங்கிய கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கேக்கும் வாழைப்பழமும் வைத்த தட்டோடு முன்வாசல் படியேறினார். பக்கத்தில் மகள். துரை வெளியே வந்தார். தட்டைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கமாகச் சுற்றி வரச் சொன்னார். அப்பா குனிந்தார். நாடாவில் விரல் சிக்கித் தடுமாறியது. துரை அதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சப்பாத்தை அப்பா அப்புறம் போடவே இல்லை. கட்டிலுக்கடியில் கிடந்து எலி கடித்துப் போயிற்று. சாகும்வரை அவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. மகள் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் அவளுக்குக் கிடையாது.

சொன்னபடி பஸ் வந்திருந்தால்தான் அதிசயம். அக்கரப்பத்தனைக்குக் கீழே ரோட்டில் மரம் விழுந்திருக்கிறதாம். எட்டரைக்கு ஒரு பஸ் வந்தது. அதுவும் தலவாக்கலையில் நின்றது. டிரைவர் பிளேன்டீ குடிக்கப் போனவர், தேயிலையை மலையில் பறித்து, காயவைத்து, அரைத்துக் குடித்துவிட்டு வந்தாரோ என்னவோ, முக்கால் மணிநேரம் கழித்துத்தான் வந்தார். அவள் அட்டனில் இறங்கியபோது பதினொன்றரை.

அடுத்தது சப்பாத்து. முதல் கடையில் கேட்காமலே ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டார்கள். இரண்டாவது கடையில் பொம்பிளைச் சப்பாத்து இருந்தது. மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கி அகன்றுபோன அவள் காலுக்கு அதில் பாதிதான் நுழைந்தது. மூன்றாவது, சிதம்பரநாதன் முதலாளியின் கடை. தாத்தா காலத்திலிருந்து பஸாரில் இருக்கிற குடும்பம்.

"வாங்கம்மா. எந்தத் தோட்டம்?"

"எந்தத் தோட்டமா இருந்தா என்னங்க, காலு இதுதான். நாடா வச்ச கறுப்புச் சப்பாத்து வேணும்."

"மகனுக்கா?"

"எனக்கு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "தோட்டத்து ஆளுங்க நாடா வச்சது கேக்க மாட்டாங்களே. மழையில ஊறிரும், கழட்டி மாட்டவும் கஷ்டம். செருப்புன்னா சொகமா இருக்கும்."

"சொகத்துக்குன்னு யாருங்க கேட்டா?"

அவர் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார். பெண்கள் பக்கத்தில் ஒன்றும் சரிவராமல், கடைசியில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடுகிற சப்பாத்தில் ஒரு சோடி அளவெடுத்ததுபோல் பொருந்தியது. முதலாளியே குனிந்து நாடாவைக் கட்டிவிட்டார். மரியநாயகி அதை அவிழ்க்கச் சொன்னாள். மறுபடி மெதுவாகக் கட்டச் சொல்லி, விரல் போகிற வழியை உற்றுப் பார்த்துக்கொண்டாள்.

"பெட்டியில போட்டுத் தரவா?"

"வேணாங்க. செருப்பப் பெட்டியில போடுங்க."

ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே சப்பாத்து குதிகாலைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. கடிக்கட்டும், அட்டை கடிக்காத காலா இது என்று நடந்தாள். றொசல்லைக்குப் போகிற ஒன்றரை மணிக் கோச்சி வரவில்லை. சிங்களத்தில் விசாரித்தாள். இரண்டாகும் என்றார்கள். இரண்டும் ஆயிற்று. பிளாட்பார வாங்கில் உட்கார்ந்து நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், கட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருமாதிரிப் பார்த்தார்கள். இருபதாவது தடவை விரல் தானாகவே ஓடியது. அப்பா தடுமாறியதுபோல் தான் தடுமாறக்கூடாது என்பதுதான் அவளுக்கிருந்த பயம்.

இரண்டே காலுக்கு, கோச்சி கொட்டகலைக்கு அந்தப் பக்கம் நிற்பதாகவும் எப்போது வரும் என்று தெரியாதென்றும் அறிவித்தார்கள். அவள் எழுந்து வெளியே வந்து ஓர் ஆட்டோவை மறித்தாள். ஓட்டுகிறவன் பெயர் அழகன் என்று கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருந்தது.

"பங்களாவுல வேலைக்கா அக்கா?" என்றான் ஏற்றத்தில்.

"சுத்திப் பாக்க."

அவன் சிரித்தான். கேலி இல்லை, நம்பாத சிரிப்பு. தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறிய ஆட்டோ குசினிப் பக்கத்துச் சின்ன கேட்டில் வந்து நின்றது. மணி மூன்று தாண்டி இரண்டு நிமிடம்.

"இங்க எதுக்குத் தம்பி நிப்பாட்டுறீங்க?"

"நம்ம ஆளுங்கள எல்லாம் இங்கதான் எறக்குவேன்."

"இன்னைக்கு மாத்தி எறக்குங்க. முன் கேட்டுக்குப் போங்க. நான் எறங்க மாட்டேன்."

இறங்கவும் இல்லை. அழகன் ஆட்டோவைப் பின்னால் எடுத்துத் திருப்பி, பங்களாவைச் சுற்றிக்கொண்டு போனான்.

புல்வெளியில் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் நின்றிருந்தார்கள். கூட்டிப் போகிறவன் ரொஷான் என்ற இளைஞன், கையில் பட்டியல். "மிஸிஸ் மரியநாயகி?" என்று அவள் தலைக்கு மேலாகப் பார்த்துக் கூப்பிட்டான்.

"இங்க இருக்கேன் தம்பி. ரோட்டுல மரம் விழுந்திருச்சு. அஞ்சு நிமிஷம் பிந்திட்டேன்."

திருப்பி அனுப்பிவிடுவானோ என்று அவள் அவன் கைப் பட்டியலையே பார்த்தாள். அவன் பெயருக்கு நேரே கோடு போட்டு, "வாங்கம்மா, வாங்க," என்றான்.

நான்கே படி. தேய்ந்த கருங்கல். மரியநாயகி முன்னாலே ஏறினாள். ரொஷான் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். திடீரென்று அவன் பேச்சு நின்றது.

என்ன நடந்ததென்று அவளுக்கே பிறகுதான் புரிந்தது. வாசலைக் கண்டதும் உடம்பு குனிந்திருக்கிறது. கழற்றிய சப்பாத்து கையில் இருந்தது. வெறுங்கால் இரண்டும் குசினிப் பக்கத்து நடைபாதையை நோக்கி இரண்டடி வைத்தும்விட்டன. அதைவிட மோசம், அவளைப் பார்த்து, அதுதான் இவ்விடத்து மரியாதை என்று நினைத்து, வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, கழட்டத் தேவையில்ல. எல்லாரும் சப்பாத்தோடயே போகலாம்," என்றான் ரொஷான் பதறிப்போய்.

அவளுக்குக் கோபம் வந்தது. துரைமேல் வந்ததைவிடத் தன் கால்மேல் வந்த கோபம் பெரிது. யாரும் சொல்லவில்லை, யாரும் காலைப் பார்க்கவில்லை, சொல்லிவைத்ததுபோல் இந்தக் கால் இத்தனை வருடம் கழித்தும் தானாகக் கழற்றியிருக்கிறது! வெட்கத்தில் கண் கலங்கியது. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், சரியாக நட்ட நடுவில், யாரும் தாண்டிப் போக முடியாதபடி.

"அவங்களையும் போடச் சொல்லுங்க தம்பி. இந்த வாசல்ல இன்னைக்கு யாரும் கழட்டக் கூடாது."

அவன் சொன்னான். எல்லோரும் போட்டுக்கொண்டு நின்றார்கள். மரியநாயகி வலது கால் நாடாவைக் கட்டினாள். விரல் தடுமாறவில்லை. இடது காலுக்கு வந்தாள். ரொஷான் மணியைப் பார்த்தான்.

"அம்மா, நேரமாச்சுங்க."

"காலையில அஞ்சு மணிலேருந்து நான் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க அஞ்சு நிமிஷம் இருங்க."

இருந்தார்கள். அந்த வாசலில் அவளுக்காக எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வலது முடிச்சு கொஞ்சம் தளர்ச்சியாகத் தெரிந்தது. அதை அவிழ்த்து, இழுத்து, மறுபடி முதலிலிருந்து கட்டினாள்.

எழுந்து சேலையை உதறிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள். பலகைத் தரையில் புதுச் சப்பாத்து சத்தம் போட்டது. அடுத்த அடியை அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.