ஒன்பதாவது படிவம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அம்மா வருகைப் பதிவேட்டிலிருந்து எண்களை வாசிப்பாள். மகள் மடிக்கணினியில் இருக்கிறதா என்று பார்ப்பாள். மாதாமாதம் நடப்பதுதான்.

"பூஜ்ஜியம், நாலு, ஒன்னு, ஏழு."

"இருக்கு."

"பூஜ்ஜியம், நாலு, ரெண்டு, ரெண்டு."

"இருக்கு. கொஞ்சம் வேகமா படிமா."

"வேகமா படிச்சா தப்பா படிப்பேன். அப்புறம் நீதான் தாம்தூம்னு குதிப்பே."

அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது இல்லை. அங்கே நூல் கட்டியிருந்தாள். புதுசு வாங்கித் தருகிறேன் என்று மகள் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா பத்தொன்பது வருடங்களாக ஒரு பயிற்சி மையத்தில் தகவல் பதிவாளர். டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி. முதல் மாடியில் வெல்டிங்கும் மின்வேலையும் கற்கும் தொழில் பழகுநர்கள். இரண்டாவது மாடியில், மாலை ஆறு மணிக்கு, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு. இரண்டுக்கும் நிதி மேலிடத்திலிருந்து வர வேண்டும். யார் சேர்ந்தார்கள், யார் வந்தார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்று மாதம் ஒருமுறை கோப்பு அனுப்பினால்தான் வரும். கோப்பில் இல்லாதவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இல்லாதவர்தான்.

நாலு வாரம் வராதவரை இடைநின்றவர் என்று குறிக்க வேண்டும் என்பது விதி. அம்மா மூன்றாவது வாரமே போனை எடுத்துவிடுவாள். "ஏன்ப்பா வரல? காய்ச்சலா, சோம்பேறித்தனமா? காய்ச்சல்னா மாத்திரை சாப்பிட்டுட்டு வா. சோம்பேறித்தனம்னா மாத்திரை இல்லாமலே வா." அவள் யாருக்கும் ஓர் எழுத்துகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. இருந்தாலும் மாலை வகுப்பில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையான ஆசிரியருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மகளுக்கும் தரவுதான் தொழில். ஒரு சரக்கு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். அம்மாவின் கோப்பில் சிவப்பு வரிகள் வந்தால் மகளுக்குத்தான் வேலை. ஒருமுறைகூடப் பிழையே இல்லாமல் அம்மாவின் கோப்பு போனதில்லை. நூற்று நாற்பது, எண்பது, பன்னிரண்டு என்று பிழை குறைந்துகொண்டே வரும். கடைசியில் எப்போதும் ஒன்றிரண்டு மிஞ்சும். "உன் சமையல்ல உப்பு மாதிரி என் கோப்புல பிழை. இல்லாம இருக்காது" என்பாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசை மேல் இருந்தது வழக்கமான பிழை இல்லை.

மாலை வகுப்பில் பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேருக்குத் தங்கள் பிறந்த தேதி தெரியாது. தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று போடலாம் என்று விதி இருந்தது. அதற்கு அவர்களே கையெழுத்திட்ட படிவம் ஒன்று வேண்டும். வகுப்பு தொடங்கிய மாதம் அம்மா ஒன்பது பேருக்கும் ஜனவரி ஒன்று போட்டாள். ஒரே ஆளைப் பலமுறை பதிந்திருப்பதாகச் சந்தேகப்பட்டு மென்பொருள் ஒன்பதையும் நிறுத்தி வைத்தது. கெடு அன்று மாலை. அவர்களோ அப்போது பெயரெழுதவே கற்றுக்கொள்ளவில்லை. கையெழுத்துக்கு எங்கே போவது? அம்மா நாட்காட்டியை எடுத்து, ஆளுக்கு ஒரு தேதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். தன் கல்யாண நாள். அப்பா பிறந்த நாள். தம்பி வேலையில் சேர்ந்த நாள். மென்பொருள் அந்த ஒன்பதையும் சிணுங்காமல் ஏற்றுக்கொண்டது.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. அந்தந்தத் தேதி வரும்போது அந்தந்த ஆளுக்கு வகுப்பில் வாழ்த்துச் சொல்லிக் கைதட்ட வைத்தாள். ஐம்பது வயதில் முதல் பிறந்தநாள். ஒரு சுமைதூக்கும் தொழிலாளி வெட்கத்தில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாராம்.

ஏழு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர்கள் இரண்டு பேரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அட்டையில் ஜனவரி ஒன்று. கோப்பில் வேறு தேதி. பெயரும் தேதியும் ஒட்டாத ஆட்கள் போலி ஆட்களாகவும் இருக்கலாமே என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒன்பது படிவங்களும் கையெழுத்தோடு வர வேண்டும். குறைந்தது பன்னிரண்டு பேர் இல்லாத வகுப்புக்கு நிதி இல்லை. இருப்பதே பன்னிரண்டு. ஒருவர் விட்டுப்போனாலும் வகுப்பை மூட வேண்டியதுதான்.

"இது பொய்ப் பதிவுமா," என்றாள் மகள். "எங்க ஆபீஸ்ல யாராவது இப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "பொய்யா இருக்கலாம்டி. ஆனா ஆளுங்க நிஜம்."

"என் பிறந்தநாளையும் தூக்கிக் குடுத்துட்டியா?"

"உன்னோடதை எதுக்குக் குடுக்கப்போறேன்? அடுத்த நம்பரைப் பாரு."

எட்டுப் படிவங்கள் அதற்குள் வாங்கியாகிவிட்டன. மிச்சம் ஒன்று. பேருந்துப் பணிமனையில் பேருந்து கழுவும் பெண். ஷிப்டு மாறியதால் இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. புதன்கிழமை இரண்டு மணிக்குப் பணிமனை வாசலுக்கு வருவதாகப் போனில் சொல்லியிருந்தாள்.

"புதன்கிழமை என்னைக் கொஞ்சம் கார்ல கொண்டு போய் விடுறியா? ரெண்டு பஸ் மாறணும்."

"அன்னிக்கு சர்வர் மாத்துறோம்மா. பஸ்ல போயிடேன்."

"சரி. பூஜ்ஜியம், நாலு, மூணு, ஒன்னு."

"இருக்கு."

புதன்கிழமை அம்மா முதல் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இரண்டாவது பஸ்ஸுக்காக நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணயர்ந்துவிட்டாள் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்தார். இரண்டு பஸ் போன பிறகுதான் தொட்டுப் பார்த்தார். இதயம் என்றார் மருத்துவர். மகள் போனை எடுத்தபோது சர்வர் மாற்றும் வேலை நல்லபடியாக முடிந்திருந்தது.

வியாழக்கிழமை எல்லாம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மையத்தின் மேலாளர் கூப்பிட்டார். "இந்த நேரத்துல கேக்க நாக்கு கூசுதும்மா. அந்த ஒன்பதாவது படிவம் உங்கம்மா கிட்டதான் இருந்தது. மேலிடத்துல ரெண்டு நாள் அவகாசம் கேட்டுப் பார்த்தேன். இரங்கல் தெரிவிச்சாங்க. தேதியை மாத்த முடியாதுன்னுட்டாங்க."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை மூலையில் முடிச்சு அவிழ்க்காமல் கிடந்தது. அதற்குள் கைப்பை. கைப்பைக்குள் நூல் கட்டிய கண்ணாடி, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், நாலாக மடித்த படிவம். அம்மாவின் கையெழுத்தில் எல்லாம் நிரப்பப்பட்டிருந்தது. 'முன்பு பதிந்த தேதி' என்ற இடத்தில் மகளின் பிறந்தநாள் இருந்தது.

மகள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கார் சாவியை எடுத்தாள்.

பணிமனைக்குப் போய்ச்சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவுதான் தூரம்.

வாசல் காவலாளி பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "அந்த அக்கா லீவும்மா. தங்கச்சிக்குப் பிரசவம்னு நேத்தே வெளியூர் போயிட்டாங்க. திங்கக்கிழமைதான் வருவாங்க. நீங்க யாரு?"

"ஒரு கையெழுத்து வாங்கணும்."

"ஓ, டீச்சரா? அந்த அக்கா புதன்கிழமை ஷிப்டு முடிஞ்சதும் இங்கதான் நின்னாங்க, முக்கா மணி நேரம். நான்கூடக் கிண்டல் பண்ணேன், உங்க டீச்சர் டிமிக்கி குடுத்துட்டாங்கன்னு. அவங்க கேக்கல. டீச்சர் வரேன்னா வந்துடுவாங்கன்னாங்க."

மகள் அந்த எண்ணுக்கு ஆறு தடவை போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

மூன்று இருபதுக்கு அவள் மையத்தில் அம்மாவின் நாற்காலியில் இருந்தாள். நாற்காலி தாழ்வாக இருந்தது; அம்மாவுக்குக் கால் தரையில் பட வேண்டும். மேலாளர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒன்னு சொன்னா கோச்சுக்காதீங்க. நீங்களே போட்டுடுங்கம்மா. பதிவேட்ல அந்தப் பணிமனை அம்மா கையெழுத்து நிறைய இருக்கு. பார்த்து அதே மாதிரி போடலாம். யாருக்குத் தெரியப்போகுது? பன்னிரண்டு பேரும்மா."

பதிவேட்டை விரித்து வைத்தார். முதல் மாதம் அந்தப் பெண்ணின் கட்டத்தில் ஒரு கோடு. மூன்றாவது மாதம் கட்டத்தை மீறி ஓடும் ஓர் எழுத்து. ஏழாவது மாதம் முழுப் பெயர், கடைசி எழுத்தில் மட்டும் நடுக்கம். பார்த்து எழுத ஒரு நிமிடம் போதும். மகள் பேனாவை எடுத்தாள். படிவத்தை நேராக வைத்தாள். முதல் எழுத்தின் வளைவு வரைக்கும் பேனாமுனை தாளுக்கு மேலே காற்றில் போனது.

பொய்ப் பதிவு என்று அம்மாவைச் சொன்னது இந்த வாய்தான்.

அதைவிட, இந்தப் பெயரை எழுத அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. அவள் எழுதத்தான் அம்மா இரண்டு பஸ் மாறக் கிளம்பினாள்.

பேனாவை மூடினாள்.

"என்னால முடியல சார்."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு மகள் பதினொரு பேரோடு கோப்பை அனுப்பினாள். திரை கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு பச்சையாக ஒரு வரி வந்தது. பிழைகள்: பூஜ்ஜியம்.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அம்மாவுக்குச் சொல்ல போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"திங்கக்கிழமை ஆறு மணிக்கு எல்லாரும் வந்து நிப்பாங்களே," என்றார் மேலாளர், ஜன்னலைப் பார்த்தபடியே. "வகுப்பு இல்ல, பெஞ்ச் போடாதீங்கன்னு நானே சொல்லணும்."

மகள் படிவத்தைத் திரும்ப நாலாக மடித்தாள். மடிக்கும்போதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது. வீட்டுச் சாமான் பட்டியல் போல அம்மா பென்சிலால் எழுதியிருந்தாள்:

2 மணி. கேட்டுக்கு எதிரே நிழலில் நிற்கணும்.
பேனா இரண்டு. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று.
அவசரப்படுத்தக் கூடாது. மெதுவாக எழுதட்டும்.
தேதியை மாற்றுவது ஏன் என்று சொல்லணும். பிறந்தநாள் பறிபோகாது, அது அவளுக்கே என்றும் சொல்லணும்.